விசையும் எலும்பாக்கமும்: வோல்ஃப் விதி முதல் குருத்தணு ஆய்வு வரை

முன்னுரை

எலும்பின் அமைப்பு அது தாங்கும் சுமைக்கேற்ப மாறும் என்னும் கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விதியாக வகுக்கப்பட்டது. குருத்தணுக்கள் விசையை உணர்ந்து எலும்பணுக்களாக மாறுகின்றன என்பது அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்டது. பிந்தையது முந்தையதன் நிரூபணமாகுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

விதியின் தோற்றம்

சூரிச் நகரில் 1866-இல் உடற்கூற்றியலாளர் ஹெர்மன் ஃபான் மேயர் தொடையெலும்பின் வெட்டுமுகங்களைக் காட்சிப்படுத்தினார். பஞ்செலும்பின் நுண்தகடுகள் வளைந்து செல்லும் ஒழுங்கு, பாரந்தூக்கியில் தாம் வரையும் தகைவுக் கோடுகளை ஒத்திருப்பதைப் பொறியாளர் கார்ல் குல்மன் கண்டார். இவ்வொப்புமையை விரித்த அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப், 1892-இல் பெர்லினில் எலும்பு உருமாற்ற விதியை நூலாக வெளியிட்டார். அவர் எலும்பைக் கணிதத்திற்குக் கட்டுப்பட்ட கட்டுமானமாக நோக்கினார். விசைக்கு எதிர்வினையாற்றும் உயிரணு எது என்பது அவ்விதியின் மைய வினாவாக அமையவில்லை.

உயிரணுவை நோக்கிய திருப்பம்

இவ்வினாவை எழுப்பியவர் வில்ஹெல்ம் ரூ. செயற்பாட்டுத் தூண்டலுக்கு உறுப்பின் பகுதிகளே தத்தம் இடத்தில் எதிர்வினையாற்றுகின்றன என்று 1881-இல் அவர் வாதிட்டார். ஃபிரிட்ரிக் பாவெல்ஸ் 1960-இல் இதனைத் திசு வேறுபாட்டுக்கு விரித்தார்: நீர்ம அழுத்தம் குருத்தெலும்பையும், உருத்திரிபு நாரிழைத் திசுவையும் தோற்றுவிக்கும் என்பது அவர் கோட்பாடு. எனினும், சோதிப்பதற்குரிய உயிரணு அப்போது இனங்காணப்படவில்லை. எலும்பு மஜ்ஜையில் எலும்பை உருவாக்கவல்ல அணுக்கள் உள்ளன என அலெக்சாண்டர் ஃபிரிடன்ஸ்டைனின் ஆய்வுகள் 1960-களிலும் 1970-களிலும் நிறுவிய பின்னரே அவ்வாய்ப்புக் கிட்டியது.

கிறிஸ்டபர் சென் குழுவினர் 2004-இல், பரந்து படர இடம்பெற்ற குருத்தணுக்கள் எலும்பணுக்களாகவும், குறுகிய பரப்பில் உருண்டு நின்றவை கொழுப்பணுக்களாகவும் மாறுவதைக் காட்டினர். ஆடம் எங்லர், டென்னிஸ் டிஷர் குழுவினர் 2006-இல் வெவ்வேறு விறைப்புடைய கூழ்மங்களில் குருத்தணுக்களை வளர்த்தனர். 0.1 முதல் 1 கிலோபாஸ்கல் விறைப்பில் நரம்பணுப் பண்பும், 8 முதல் 17 வரை தசைப் பண்பும், 25 முதல் 40 வரை எலும்புப் பண்பும் தோன்றின. அணுவினுள் இழுவிசை தரும் மயோசின் தடுக்கப்பட்டபோது இவ்வேறுபாடு மறைந்தது. எனவே, அணு விசைக்கு ஆட்படுவதோடு நில்லாமல், தன் சூழலைத் தானே இழுத்து அதன் எதிர்ப்பையும் உணர்கிறது.

முடிவுரை

இவ்வரலாற்றை வோல்ஃபின் விதி படிப்படியாக மெய்ப்பிக்கப்பட்ட கதையாகக் கூறுவது பொருந்தாது. அவர் விளக்க முயன்றது உடலில் சுமை தாங்கும் எலும்பின் உருமாற்றம். அதில் சுமையை உணரும் முதன்மை அணுக்கள் எலும்பினுள் பதிந்துள்ள முதிர்ந்த எலும்பணுக்களே. பிற்கால ஆய்வுகள் விளக்குவது, வளர்ப்புத் தட்டில் குருத்தணு தன் போக்கைத் தேர்வதை. விசை என்னும் ஒரே சொல் இவ்விரண்டையும் குறித்தாலும், முன்னதில் அது புறச்சுமை. பின்னதில் அணுவின் அக இழுவிசை. இவ்வேறுபாட்டைக் கருதும்போது, பிற்கால ஆய்வுகள் வோல்ஃபைவிட ரூவின் வினாவுக்கே நெருக்கமானவை எனலாம்.