சோம்பேறியும் கோழையும்: ஒரே ராத்திரியில் இரண்டு நோய்கள்

1/
எந்நேரமும் தூங்கி வழிகிறவனை உலகம் "சோம்பேறி" என்றது. போர்க்களத்தில் கை நடுங்கியவனை "கோழை" என்றது. இரண்டுமே நோய் என்று மருத்துவம் ஒத்துக்கொள்ள நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு. இரண்டும் ஒரே ஆளுக்கு, ஒரே ராத்திரியில் வரலாம் என்று கவனிக்க இன்னும் இருபது வருஷம். அந்த வரலாறுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
முதல்ல ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதுதான் இதன் பொதுவான வகை. 10 விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றால் ஒரு தடை என்று கணக்கு. மணிக்கு 30 தடை வந்தாலே கடுமையான நோய். ஏழு மணி நேரத் தூக்கத்தில் அது 210 தடவை! பெரும்பாலான தடவை மூளை பதறி ஆளை அரைகுறையா எழுப்பும். காலையில் அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. அசதி மட்டும் இருக்கும்.

3/
அடுத்தது பிடிஎஸ்டி. போர், விபத்து, பாலியல் வன்முறை மாதிரி உயிரை உலுக்கும் ஆபத்து முடிந்த பிறகும், உடம்பும் மனசும் அதிலேயே மாட்டிக்கொள்ளும் நிலை. கூப்பிடாமலே நினைவு வந்து மோதும். கதவு படார்னு சாத்தினால் தூக்கிவாரிப் போடும். ராத்திரியில் அதே கனவு திரும்பத் திரும்ப வரும்.

4/
"சோம்பேறி" கதையைப் பார்ப்போம். அதிகமா தூங்கினா நம்ம ஊர்ல கும்பகர்ணன் என்போம். இங்கிலாந்தில் அந்த இடம் ஜோ என்ற குண்டுப் பையனுக்கு. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37இல் தொடராக எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் வருவான். வேலை நடுவிலேயே தூங்கிப்போவான், குறட்டை விடுவான். படித்தவர்கள் சிரித்தார்கள்.

5/
1956இல் அமெரிக்காவில் டாக்டர் பர்வெல் குழு ஒரு நோயாளியைப் பற்றி எழுதியது. அவர் ஒரு நிறுவன அதிகாரி, உடல் பருமன் உள்ளவர். சீட்டாட்டத்தில் கையில் மூணு ஏஸ், ரெண்டு ராஜா. ஜெயிக்கிற சீட்டு! ஆட வேண்டிய நேரத்தில் தூங்கிவிட்டார். அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கே வந்தார். கட்டுரையின் தலைப்பிலேயே 'பிக்விக்கியன் சிண்ட்ரோம்' என்று இருந்தது. நோய்க்குக்கூட ஒரு கேலிப் பாத்திரத்தின் நிழல்தான் பேராகக் கிடைத்தது.

6/
ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதால்தான் இந்தத் தூக்கம் என்று பர்வெல் குழு நினைத்தது. ராத்திரியில் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தது 1965இல். பிரான்சில் காஸ்டோ குழுவும், ஜெர்மனியில் யுங், குலோ ஆகியோரும் தனித்தனியாக, நோயாளி தூங்கும்போதே மூளை அலையையும் மூச்சையும் பதிவு செய்தார்கள். மூச்சு நிற்கிறது, மூளை விழிக்கிறது, மூச்சு வருகிறது, மறுபடி நிற்கிறது. ஆக, இவர் தூங்குகிறவர் இல்லை, தூங்கவே முடியாதவர்!

7/
1970களில் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டியன் கியெமினோ இதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். பருமனாக இல்லாதவர்களுக்கும் இது வரும் என்பதும் தெளிவானது. ஆனால் உறுதியான வைத்தியம் என்றால் அன்று ஒன்றுதான்: கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்கும் டிரக்கியாஸ்டமி. எத்தனை பேர் சம்மதிப்பாங்க, சொல்லுங்க?

8/
இனி "கோழை" கதை. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களுக்கு நெஞ்சு படபடப்பு, மூச்சுத்திணறல், அசதி. இதயத்தில் வெளிப்படையாக நோய் எதுவும் தெரியவில்லை. டாக்டர் டா கோஸ்டா 1871இல் இதை விரிவாக எழுதினார். அதன்பின் 1915இல், முதல் உலகப் போரின் நடுவே, சார்லஸ் மையர்ஸ் 'லான்செட்' இதழில் 'ஷெல் ஷாக்' என்ற சொல்லைப் பதிவு செய்தார்.

9/
ராணுவத்துக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. 1917இல் அதைப் பயன்படுத்தத் தடை போட்டு, "இன்னும் கண்டறியப்படவில்லை, நரம்பு சார்ந்தது" என்று எழுதச் சொன்னார்கள். அந்தப் போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் மாதிரிக் குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் தன் சொந்த வீரர்களையே சுட்டுக்கொன்றது. அவர்களில் 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அதில் ஷெல் ஷாக்கால் பாதிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள்.

10/
அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டுக் கையேடு 1952இல் வந்தது. அதில் போர் அதிர்ச்சிக்கு ஓர் இடம் இருந்தது. 1968 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த வருஷம் அது! ஊர் திரும்பியவர்களின் கஷ்டத்துக்கு ஏட்டில் பேரே இல்லை.

11/
அதனால் அவர்களே கூடிப் பேச ஆரம்பித்தார்கள். 1970இல் நியூயார்க்கில் தொடங்கிய அந்தக் கூட்டங்களில் ராபர்ட் லிஃப்டன், ஹாயிம் ஷாட்டன் என்ற இரண்டு மனநல மருத்துவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். பிறகு பல வருஷப் போராட்டம். கடைசியில் 1980இல் வந்த கையேட்டின் மூன்றாம் பதிப்பில் பிடிஎஸ்டி இடம் பிடித்தது. கோழை என்ற சொல்லுக்கு மருத்துவம் கொடுத்த பதில் அது.

12/
அதே 1980, ஜூன் மாதம், ஆஸ்திரேலியாவின் சிட்னி. கடுமையான ஆப்னியா உள்ள ஒருவர் கழுத்தில் துளை போட மறுத்துவிட்டார். டாக்டர் காலின் சல்லிவன் அவரிடம் வேறொரு யோசனை சொன்னார். வேக்வம் கிளீனர் மோட்டாரைக் காற்று ஊதும்படி அமைத்து, மூக்கில் மாஸ்க் ஒட்டி, தொடர்ந்து அழுத்தத்தோடு காற்று செலுத்துவது. அந்தக் காற்றே தொண்டையைத் திறந்து பிடித்துக்கொண்டது. அவர் தூங்கினார்! 1981இல் ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. இன்று நாம் சிபேப் என்று சொல்லும் கருவியின் தொடக்கம் இதுதான்.

13/
பாத்தீங்களா? ஒரே வருஷத்தில் ஒருவருக்கு நோயின் பெயர் கிடைத்தது, இன்னொருவருக்கு வைத்தியம் கிடைத்தது. ஆனால் ஒன்று மனநலத் துறைக்குப் போனது, மற்றது நுரையீரல், காது மூக்கு தொண்டைத் துறைகளுக்குப் போனது. கெட்ட கனவு என்றால் இந்த அறை, குறட்டை என்றால் அந்த அறை. இரண்டும் உள்ளவர் எந்த அறைக்குப் போவார்?

14/
1989இல் ஒரு முக்கியமான கட்டுரை, தூக்கக் கோளாறுதான் பிடிஎஸ்டியின் முத்திரை அடையாளம் என்று வாதிட்டது. கனவு பற்றியும் தூக்கமின்மை பற்றியும் கேள்விகள் வந்தன. "தூங்கும்போது மூச்சு எப்படி இருக்கு?" என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் வரவில்லை.

15/
அந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர்களில் ஒருவர் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவைச் சேர்ந்த பேரி கிராகோ. பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட பெண்களின் கெட்ட கனவுக்கு வைத்தியம் தேடினார். கனவின் கதையை மாற்றி எழுதி, விழித்திருக்கும்போது மனசுக்குள் ஓட்டிப் பார்க்கும் பயிற்சியை 168 பெண்களிடம் சோதித்து 2001இல் வெளியிட்டார். பலருக்குப் பலன் கிடைத்தது.

16/
அதே காலத்தில் அவர் குழு இன்னொன்றையும் கவனித்தது. "மன அதிர்ச்சியால் தூக்கம் வரலை" என்று வந்த பெண்களில் பலருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறும் இருந்தது. ஆப்னியா என்றாலே நடுத்தர வயது, பருமனான ஆண் என்று எல்லோரும் நினைத்த காலம் அது. டிக்கன்ஸின் ஜோ அந்த அளவுக்கு டாக்டர்கள் மனசில் பதிந்திருந்தான்.

17/
இரண்டும் எப்படிக் கைகோக்குது? கனவு அதிகம் வரும் ரெம் தூக்கத்தில் உடம்பின் தசைகள் மிகவும் தளர்ந்திருக்கும், தொண்டைத் தசையும் சேர்த்து. அதனால் பலருக்கு மூச்சுத்தடையும் அப்போதுதான் மோசமாகும். ஆக்சிஜன் இறங்கும், அட்ரினலின் ஏறும், இதயம் அடித்துக்கொள்ளும். ஏற்கெனவே பயத்தில் ஊறிய மூளைக்கு இது இன்னொரு தாக்குதல் மாதிரி. கனவின் நடுவே திடுக்கிட்டு எழுந்தால் கனவு நல்லா ஞாபகம் இருக்கும், மூச்சு நின்றது தெரியாது.

18/
மறுபக்கமும் உண்டு. பயத்தின் வீரியத்தை மூளை மெதுவாகக் குறைப்பதில் ரெம் தூக்கத்துக்குப் பங்கு இருக்கிறது. ஆப்னியா அந்தத் தூக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. பகலில் கவுன்சிலிங்கில் பயம் கொஞ்சம் இறங்கினாலும், அதை நிலைநிறுத்த வேண்டிய ராத்திரி கிடைப்பதில்லை.

19/
2015இல் வந்த ஓர் ஆய்வு. இராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் பிறகு பிடிஎஸ்டி சிகிச்சைக்கு வந்த 195 அமெரிக்க வீரர்கள், சராசரி வயது 33 தான். கேள்வித்தாளின்படி சுமார் 69 சதவீதம் பேருக்கு ஆப்னியா இருக்கும் அபாயம் அதிகம். பிடிஎஸ்டி கூடக்கூட அபாயமும் கூடியது. இது தூக்க ஆய்வகச் சோதனை இல்லை, எது எதுக்குக் காரணம் என்றும் இது நிரூபிக்காது. ஆனால் இளம் வயசு என்பதற்காக இந்தக் கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது.

20/
நல்ல செய்தியும் இருக்கு. இரண்டு நோயும் உள்ள முன்னாள் வீரர்களின் பதிவேடுகளை அலசி 2014இல் ஓர் ஆய்வு வந்தது. சிபேப் போட ஆரம்பித்த பிறகு கெட்ட கனவுகள் வாரத்துக்கு சுமார் 10லிருந்து 5 ஆகக் குறைந்திருந்தன. கருவியை ஒழுங்காகப் போட்டவர்களுக்குப் பலன் அதிகம். சின்ன ஆய்வுதான். ஆனாலும் பாதி ராத்திரிகள் திரும்பக் கிடைப்பது சின்ன விஷயமா?

21/
சிக்கல் என்னன்னா, பிடிஎஸ்டி உள்ளவர்களுக்கு மாஸ்க் போடுவதே கஷ்டம். வாயைப் பொத்தித் தாக்கப்பட்டவருக்கும், புகையிலோ தண்ணீரிலோ மூச்சுத் திணறியவருக்கும் முகத்தில் ஒன்றை மாட்டினால் அந்த நாளே திரும்ப வரும். இவர்கள் கருவியைக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இதை "ஒத்துழைக்காத நோயாளி" என்று எழுதினால், பழைய "சோம்பேறி", "கோழை" வரிசையில் மூன்றாவது திட்டு அது.

22/
செய்யக்கூடியது நிறைய இருக்கு. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சின்ன மாஸ்க் கேளுங்க. பகலில் டிவி பார்க்கும்போது பத்து நிமிஷம் போட்டுப் பழகுங்க. அழுத்தம் மெல்ல ஏறும்படி வைக்கச் சொல்லுங்க. அதோடு மன அதிர்ச்சிக்கான சிகிச்சையும் கட்டாயம் தொடரணும். சிபேப் மூச்சைத்தான் திறக்கும், நடந்ததை அழிக்காது.

23/
ஒரு எச்சரிக்கை. தூக்கம் வரலைன்னு அல்பிரசோலம் மாதிரி மாத்திரையோ, ராத்திரி ஒரு பெக்கோ எடுப்பவர்கள் கவனிக்கணும். இவை தொண்டைத் தசையைத் தளர்த்தி, மூளை விழிப்பதையும் தாமதப்படுத்தி, ஆப்னியாவை மோசமாக்கலாம். பிடிஎஸ்டிக்கும் இந்த வகை மாத்திரைகளை வழிகாட்டி நெறிகள் பரிந்துரைப்பதில்லை. ஆனால் ரொம்ப நாளா எடுப்பவர் திடீர்னு நிறுத்தக் கூடாது, அதுவும் ஆபத்து. டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைங்க.

24/
மனநல மருத்துவரிடம் போனால் குறட்டையையும், காலைத் தலைவலியையும், பகல் தூக்கத்தையும் சொல்லுங்க. குறட்டைக்காகப் போனால் கெட்ட கனவையும், முடிஞ்ச அளவுக்கு நடந்ததையும் சொல்லுங்க. அவங்க கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லுங்க. மனசு தாங்கலைன்னா அரசின் டெலிமானஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம்.

25/
கடைசியா, பக்கத்தில் படுத்திருப்பவர்களுக்கு. மூச்சு நிற்பது அவருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். குறட்டை திடீர்னு அடங்கி, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல், பிறகு திணறலோடு மூச்சு வருதா? போன்ல ஒரு நிமிஷம் பதிவு பண்ணுங்க. அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது நீங்களும் கூடப் போய் அதைப் போட்டுக் காட்டுங்க.