ராஜாவை விரட்டினார்கள், சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டார்கள்

உங்கள் வீட்டு இழுப்பறையில் சீட்டுக்கட்டு இருந்தால் இஸ்பேட் ஏஸை எடுத்துப் பாருங்கள். ஸ்பேட் என்றால் மண்வெட்டி என்றுதான் நம்மில் பலர் பள்ளியில் படித்திருப்போம். சீட்டில் அது மண்வெட்டி இல்லை, வாள்! வாளைக் குறிக்கும் இத்தாலிய, ஸ்பானியச் சொற்களான 'ஸ்பாடா', 'எஸ்பாடா'விலிருந்து வந்த பெயர் அது. நம் கட்டில் பெயர் மட்டும் மிஞ்சி, படம் பிரெஞ்சுக் கட்டினுடையதாகிவிட்டது. வாளை வாளாகவே வரைந்த சீட்டில் இன்றும் ஆடுகிறவர்கள் தென் அமெரிக்காவின் அர்ஜென்டினாக்காரர்கள்.

அவர்களுடையது ஸ்பானியக் கட்டு. தங்கக் காசு, கோப்பை, வாள், தடி என்று நான்கு சின்னங்கள். ராணி கிடையாது. 10 ஏவலாள், 11 குதிரை வீரன், 12 ராஜா. சீட்டைச் சுற்றியுள்ள கோட்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காசுச் சீட்டில் கோடு விடாமல் ஓடும். கோப்பையில் ஓர் இடத்தில் விட்டிருக்கும், வாளில் இரண்டு இடத்தில், தடியில் மூன்று இடத்தில். கையை முழுதாக விரிக்காமல் ஓரத்தைப் பார்த்தே என்ன சின்னம் என்று தெரிந்துகொள்ளலாம். எட்டிப் பார்க்கும் ஆட்கள் உள்ள மேசைக்கு எவ்வளவு நல்ல ஏற்பாடு!

ஸ்பெயின் மன்னர் ஆண்ட காலத்தில் புகையிலையைப் போலச் சீட்டும் அரசின் ஏகபோகம். குடியேற்ற நாடுகளில் யாரும் தாமாக அச்சடித்து விற்கக் கூடாது. 1776இல் புவனோஸ் ஐரிஸைத் தலைநகராக்கி ஒரு புதிய அரசப் பிரதிநிதியின் ஆட்சிப் பகுதியை ஸ்பெயின் உருவாக்கியது. அதே ஆண்டில், அமெரிக்கக் குடியேற்றங்களைக் கவனித்த அமைச்சர் ஹோசே டி கால்வெஸ், மாலகா நகருக்கு அருகே மச்சராவியாயா என்ற சிற்றூரில் சீட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். அமெரிக்காவில் விற்பதற்கென்றே சீட்டு அச்சடித்த ஆலை அது. அந்த ஊர் அமைச்சரின் சொந்த ஊர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்!

ஒரு பக்கம் சூதாட்டம் கூடாது என்று ஆணை மேல் ஆணை, மறுபக்கம் சீட்டு விற்ற காசு கஜானாவுக்கு. இந்தக் கணக்கு நமக்கும் புதிதில்லை.

1810 மே மாதம் புவனோஸ் ஐரிஸ் மக்கள் மன்னரின் பிரதிநிதியை இறக்கிவிட்டார்கள். 1813இல் வந்த புதிய நாணயத்தில் மன்னரின் முகம் இருந்த இடத்தில் சூரியன் உதித்தது. 1816இல் விடுதலைப் பிரகடனம். கொடி, காசு, சட்டம் எல்லாம் மாறின. ஆனால் கிரீடம் வைத்த ராஜா சீட்டில் மட்டும் நிலைத்துவிட்டார். பின்னாளில் புவனோஸ் ஐரிஸ் அச்சகங்களே சீட்டு அச்சடிக்கத் தொடங்கியபோதும் அந்தக் கிரீடம் இறங்கவில்லை.

ஆனால் அவருடைய மரியாதையைப் பாருங்கள். அந்நாட்டின் செல்ல ஆட்டம் ட்ரூகோ. மாடு மேய்த்த கௌச்சோக்கள் வழியோரக் கடைகளில் ஆடியது. எழுத்தாளர் போர்ஹெஸ் 1923இல் வெளியிட்ட தம் முதல் கவிதைத் தொகுப்பிலேயே இதற்கு ஒரு கவிதை உண்டு. இதில் மிகப் பெரிய சீட்டு வாள் ஏஸ். அடுத்து தடி ஏஸ், வாள் 7, காசு 7. பிறகு 3கள், 2கள், மீதி இரண்டு ஏஸ்கள். அதன் பிறகுதான் ராஜா! குடியரசு செய்த பழிவாங்கல் என்று எண்ணிவிடாதீர்கள். ஆட்டத்தின் மூலமே ஸ்பெயினின் வலென்சியா பகுதி.

ஆளுக்கு மூன்று சீட்டு, மூன்று பிடி. கையில் ஒன்றுமே இல்லாமல் "ட்ரூகோ!" என்று கத்திப் பந்தயத்தை ஏற்றலாம். எதிராளி பயந்து சீட்டைப் போட்டுவிட்டால் புள்ளி உங்களுக்கு. பார்ட்னருக்குச் சைகை காட்டுவதும் விதிப்படி சரியே. புருவத்தை உயர்த்தினால் வாள் ஏஸ், கண்ணடித்தால் தடி ஏஸ், கீழுதட்டைக் கடித்தால் 3. எதிராளி பார்க்காத நேரத்தில் காட்டுவது உங்கள் சாமர்த்தியம். நம் ரம்மி மேசையில் இதைச் செய்தால் எழுப்பி விட்டுவிடுவார்கள்.

ஆடிப் பார்க்க ஆசையா? நம் கட்டிலிருந்து 8, 9, 10, ஜோக்கர்களை எடுத்துவிடுங்கள், 40 சீட்டு நிற்கும். இஸ்பேட் வாள், கிளாவர் தடி, டைமண்ட் காசு, ஆட்டின் கோப்பை. ஜாக், ராணி, ராஜாவை 10, 11, 12 ஆக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் சேர்ந்தால் போதும், எதிரெதிரே அமர்பவர்கள் ஓர் அணி.