கரும்பலகையில் நான் எழுதிய ஒரு தவறு

முப்பது வருடங்களுக்கு மேல் பள்ளியில் விலங்கியல் பாடம் நடத்தியவன் நான். ஒரு விஷயத்தில் என் பழைய மாணவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். "பிட்யூட்டரியின் பின்கதுப்பு ஆக்ஸிடோசின், வாசோபிரசின் என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது" என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அது சரியல்ல. பின்கதுப்பு வெறும் கிடங்குதான். சரக்கு தயாராவது அதற்கு மேலே, மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸின் நரம்பு செல்களில். இதன் வரலாற்றை ஓய்வு பெற்ற பிறகுதான் முழுதாகப் படித்தேன்.

1928-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் எர்ன்ஸ்ட் ஷாரர் என்ற இளைஞர், ஓடையில் வாழும் ஒரு சிறு மீனின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். ஹைபோதலாமஸின் சில நரம்பு செல்களுக்குள், சுரப்பி செல்களில் இருப்பது போன்ற துளிகள் தெரிந்தன. இந்த நரம்பு செல்கள் ஹார்மோனும் சுரக்கின்றன என்றார் அவர். பலர் ஏற்கவில்லை. நரம்பின் வேலை மின் சைகை அனுப்புவது, ஹார்மோன் சுரப்பியின் வேலை என்பதுதான் அன்றைய பாடம். செத்த செல்லில் ஏற்பட்ட மாற்றத்தைப் பார்த்து ஏமாந்திருக்கிறார் என்று ஒதுக்கினார்கள்.

அதே ஆய்வுக்கூடத்தில் தேனீக்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர் பெர்டா. 1934-ல் இருவருக்கும் திருமணம். விலங்குலகையே பாகம் பிரித்துக்கொண்டார்கள்: முதுகெலும்புள்ளவை அவருக்கு, இல்லாதவை அம்மையாருக்கு!

நாஜி ஆட்சியைச் சகிக்க முடியாமல் 1937-ல் அமெரிக்கா போனார்கள். கணவருக்கு இடம் கிடைத்தது. ஒரே நிறுவனத்தில் கணவன், மனைவி இருவருக்கும் சம்பளம் கூடாது என்ற விதி அங்கே பல இடங்களில் இருந்தது. அதனால் பெர்டா சம்பளம் இல்லாமலேயே உழைத்தார். ஆராய்ச்சிக்கு விலங்கு வாங்கப் பணமில்லை. காசு கொடுக்காமல் கிடைத்தது கரப்பான் பூச்சி. அதையே எடுத்துக்கொண்டார்.

அந்தக் கரப்பான் பூச்சிதான் சாட்சி சொன்னது. அதன் மூளையிலிருந்து பின்னால் இருக்கும் சிறு சுரப்பிக்குப் போகும் நரம்பைத் துண்டித்துப் பார்த்தார். வாய்க்காலை மறித்தால் மேல்புறம் தண்ணீர் தேங்குமே, அதுபோல மூளைப் பக்கத்தில் துளிகள் குவிந்தன. மறுபக்கம் வற்றியது. சரக்கு எங்கே உண்டாகி எந்தத் திசையில் போகிறது என்பது தெளிவாயிற்று. அதற்குச் சற்று முன்பே, 1949-ல், வொல்ஃப்காங் பார்க்மன் என்ற ஜெர்மானியர் ஒரு புதிய சாயத்தைக் கொண்டு, ஹைபோதலாமஸிலிருந்து பின்கதுப்பு வரை செல்லும் பாதையைக் காட்டியிருந்தார். எதிர்ப்பு மெல்ல அடங்கியது.

பிள்ளை பால் குடிப்பதை நினைத்துப் பாருங்கள். குழந்தை வாய் வைத்ததும் செய்தி ஹைபோதலாமஸுக்குப் போகிறது. ஆக்ஸிடோசின் ஏற்கெனவே நுண்ணிய பைகளில் நரம்பு இழை வழியே இறங்கி, பின்கதுப்பில் அதன் நுனியில் காத்திருக்கிறது. மின் சைகை நுனிக்கு வந்ததும் கால்சியம் உள்ளே நுழைகிறது. பைகள் செல்லின் சவ்வோடு ஒட்டித் திறந்து ஹார்மோனை ரத்தத்தில் கொட்டுகின்றன. மார்பில் பால் இறங்குகிறது. பிரசவ வலி வர ஆஸ்பத்திரியில் டிரிப்பில் ஏற்றுவதும் இதே ஆக்ஸிடோசின்தான், செயற்கையாகத் தயாரித்தது.

பெர்டாவுக்கு முறையான பேராசிரியர் பதவி கிடைத்தது 1955-ல், நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியில். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டைத் தாண்டியிருந்தது. 1965-ல் கணவர் நீரில் மூழ்கி இறந்தார். அதன் பிறகும் அம்மையார் ஆராய்ச்சியை விடவில்லை. 1995-ல் காலமானார்.

என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று தாத்தா, பாட்டி. இதைப் படித்தால் அந்தப் பழைய வரியைத் திருத்திக்கொள்ளுங்கள்: பின்கதுப்பு சுரப்பதில்லை, சேமித்து வெளியிடுகிறது. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அந்தக் கரப்பான் பூச்சியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.