நாற்காலிச் சுகமும் நடக்கும் கால்களும்
(நெடுந்தூர விமானப் பயணத்தின் வரலாறு)

நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாக் கரை வந்து சேர ஏறத்தாழ ஒரு வாரம் பிடித்தது. ரஜூலா போன்ற கப்பல்களின் தளத்தில் பாய் விரித்து, துணி மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்து வந்தார்கள். இன்று அதே கடலை விமானம் சுமார் 4 மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்குப் போக வேண்டுமானால் 13, 14 மணி நேரம். மெத்தை வைத்த நாற்காலி, சூடான சாப்பாடு, கண்ணெதிரே படம் என்று எல்லா வசதியும் இருக்கின்றன. ஆனால் கப்பல் தளத்தில் வந்த ஏழைப் பயணிக்கு இருந்த ஒரு வசதி மட்டும் விமானப் பயணிக்கு எளிதில் கிடைப்பதில்லை. நினைத்தபோது எழுந்து நாலடி நடக்கும் வசதிதான் அது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விமானப் பயணத்தின் வரலாற்றைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் விமானத் தடம் 1933ஆம் ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரை எட்டியது. 1935ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூர் வழியாக லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்கும் இடையே பயணிகள் செல்லத் தொடங்கினர். முழுப் பயணத்துக்கும் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் ஆயிற்று. இடையில் ஒரு பகுதியை ரயிலில் கடக்க வேண்டியிருந்தது. அக்கால விமானங்களில் இயந்திரத்தின் இரைச்சல் காதைத் துளைக்கும். உயரப் பறக்க முடியாததால் காற்றிலும் மழையிலும் அகப்பட்டுக் குலுங்கும். வாந்தி எடுக்காத பயணி அபூர்வம். ஆனாலும் ஒரு நன்மை இருந்தது. எண்ணெய் நிரப்புவதற்காகச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை விமானம் தரை இறங்கும். இரவானால் பயணிகள் விடுதியில் படுத்துத் தூங்கி, மறுநாள் காலையில் ஏறுவார்கள். ஆகவே உடம்பு ஒரே இடத்தில் கட்டிப்போட்டாற்போல் கிடக்கவில்லை.

1938ஆம் ஆண்டில் நீரில் இறங்கும் பறக்கும் படகுகள் இத்தடத்தில் வந்தன. சிங்கப்பூரில் காலாங் விமான நிலையத்தை அடுத்த நீர்ப்பரப்பில் அவை இறங்கின. ஒரு படகில் 15 பேர் அளவில்தான் பயணம் செய்வார்கள். அதனுள்ளே பயணிகள் எழுந்து நின்று சன்னல் வழியாக வேடிக்கை பார்க்கவும், உலாவவும் தனி இடம் விட்டிருந்தார்கள். சிறு விளையாட்டுகளும் ஆடுவார்கள். இன்று நாம் கேட்டால் வியக்கும் வசதி இது. ஆனால் அந்தச் சுகம் பணக்காரர்களுக்கும் பெரிய அதிகாரிகளுக்கும் மட்டுமே உரியது. அதே சிங்கப்பூர்த் துறைமுகத்தில் தோட்டத்துக்கு வந்த தொழிலாளி கப்பல் தளத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான் என்பதையும் நாம் மறக்கலாகாது.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இருந்த ஆகாய வழி அறுந்தது. அதை எப்படி மீண்டும் ஒட்டவைப்பது? 1943ஆம் ஆண்டு குவாண்டாஸ் நிறுவனம் துணிச்சலான ஒரு காரியம் செய்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து இந்தியப் பெருங்கடலை இடையில் எங்கும் நிற்காமல் கடந்து, இலங்கையின் காலி நகருக்கு அருகிலுள்ள கொக்கல ஏரியில் இறங்கும் சேவை அது. கேட்டலினா என்ற பறக்கும் படகுகளைப் பயன்படுத்தினார்கள். எதிரிக்குத் தெரியக்கூடாது என்று வானொலிக் கருவியை மௌனமாக வைத்து, நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை கண்டு பறந்தார்கள். எண்ணெய்ப் பாரம் அதிகமானதால் மூன்று பயணிகளுக்கு மேல் இடமில்லை. பயணம் 27 மணி முதல் 32 மணி நேரம் வரை நீடித்தது. ஒரே பயணத்தில் சூரியன் உதிப்பதை இரண்டு முறை பார்ப்பார்கள். ஆகவே இதற்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்றே பெயர் வந்தது. 1945ஆம் ஆண்டு ஜூலை வரை 271 முறை கடலைக் கடந்தார்கள். சுகம் என்ற பேச்சுக்கே இடமில்லாத பயணம் அது. ஆனாலும் மனிதன் ஒரு நாளுக்கு மேல் நிலத்தைத் தொடாமல் பறந்து சேர முடியும் என்பதை அது மெய்ப்பித்தது.

போர் முடிந்தபின், 1947ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி, குவாண்டாஸின் கான்ஸ்டலேஷன் விமானம் 29 பயணிகளுடன் சிட்னியிலிருந்து சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது. பயணம் நான்கு நாட்களாகச் சுருங்கியது. இந்த விமானத்தில் ஒரு முக்கிய வசதி இருந்தது. நாம் மேலே போகப் போகக் காற்று மெல்லியதாகிறது, மூச்சுவிடுவது சிரமமாகிறது. ஆகவே விமானத்தை இறுக மூடி, உள்ளே காற்றை அழுத்தி நிரப்பினார்கள். இதனால் மழைமேகங்களுக்கு மேலே, குலுக்கல் குறைந்த உயரத்தில் பறக்க முடிந்தது. பயணிகளின் வாந்தி குறைந்தது.

ஆனால் இந்தச் சுகத்துக்கு மனிதகுலம் ஒரு விலை கொடுத்தது, நேயர்களே. 1952ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் காமெட் என்ற ஜெட் விமானம் பயணிகளுடன் பறக்கத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் லண்டன் - சிங்கப்பூர் சேவையும் ஆரம்பமாயிற்று. இரைச்சல் இல்லை, அதிர்ச்சி இல்லை என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். 1954ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து லண்டன் சென்ற ஒரு காமெட், ரோம் நகரை விட்டுக் கிளம்பிய சிறிது நேரத்தில் நடுவானில் உடைந்து, எல்பா தீவுக்கு அருகே கடலில் விழுந்தது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 8ஆம் நாள், இன்னொரு காமெட் இத்தாலியக் கடலில் விழுந்து 21 பேரைப் பலிகொண்டது.

காரணம் என்ன? இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ நகரில் முழு விமானத்தின் உடலையே தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, மீண்டும் மீண்டும் அழுத்தம் கொடுத்துச் சோதித்தார்கள். விமானம் மேலேறும் ஒவ்வொரு முறையும் உள்ளே நிரப்பிய காற்றினால் அதன் உடல் சற்றே உப்புகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கி நிமிர்த்தினால் கடைசியில் ஒடிந்துபோகிறதல்லவா? அதுபோலச் சன்னல் போன்ற திறப்புகளின் மூலைகளில் உலோகம் களைத்துப் பிளந்துவிட்டது. இந்த உண்மை தெரிந்த பிறகு கட்டப்பட்ட விமானங்கள் எல்லாவற்றிலும் அந்தப் பாடம் அடங்கியிருக்கிறது. இன்று நாம் அச்சமின்றி அமர்ந்து போகிறோம் என்றால், அந்த 56 உயிர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

1958ஆம் ஆண்டு போயிங் 707 விமானமும், 1970ஆம் ஆண்டு ஜம்போ என்ற போயிங் 747 விமானமும் சேவைக்கு வந்தன. நூற்றுக்கணக்கானோர் ஒன்றாகப் பறந்தனர். சாதாரண மக்களும் ஏறக்கூடிய அளவுக்குக் கட்டணம் படிப்படியாக இறங்கியது. இது பெரிய நன்மை. ஆனால் இரவு விடுதிகள் போய்விட்டன. உலாவும் இடம் போய்விட்டது. நாற்காலிகள் நெருங்கி வந்தன. பல மணி நேரம் ஒரே இடத்தில் இருக்கும் பயணிக்குப் பொழுது போக வேண்டுமே! 1961ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவின் டி.டபிள்யூ.ஏ. நிறுவனம் விமானத்தில் வழக்கமாகத் திரைப்படம் காட்டத் தொடங்கியது. டேவிட் ஃப்ளெக்ஸர் என்பவர் அதற்கான கருவியை அமைத்தார். முதலில் முதல் வகுப்புப் பயணிகளுக்கு மட்டும்தான் படம். பின்னர் எல்லோருக்கும் வந்தது. மருத்துவர் நெஞ்சில் வைத்துப் பார்க்கும் குழாயைப் போன்ற வெற்றுக் குழாயைக் காதில் மாட்டித்தான் அக்காலத்தில் ஒலியைக் கேட்டார்கள்.

மலேசியா - சிங்கப்பூர் விமான நிறுவனம் 1972ஆம் ஆண்டு அக்டோபரில் இரண்டாகப் பிரிந்தது. அப்படித் தோன்றிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், சாதாரண வகுப்பிலும் காது ஒலிக்கருவியையும் பானங்களையும் இலவசமாகத் தந்து, சாப்பாட்டில் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கவும் இடங்கொடுத்துப் பெயர் வாங்கியது. 1988ஆம் ஆண்டு நார்த்வெஸ்ட் நிறுவனம் நாற்காலி முதுகில் ஆளுக்கொரு சின்னத்திரையைப் பொருத்தியது. அதன்பின் பயணி எதற்காகவும் எழ வேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. சாப்பாடு கைக்கு வரும்; படம் கண்ணுக்கு வரும்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. 1940ஆம் ஆண்டு லண்டன்மீது ஜெர்மானியர் குண்டு வீசிய நாட்களில், மக்கள் பதுங்கு அறைகளில் சாய்வு நாற்காலிகளில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தனர். அவர்களில் சிலர் குண்டு படாமலே திடீரென இறந்தார்கள். கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் அதற்குக் காரணம் கண்டார். கால் நரம்புகளில் இரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டது. 1954ஆம் ஆண்டு ஜான் ஹோமன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், நீண்ட விமானப் பயணத்துக்குப் பின்னும் இதே நோய் வருவதை எழுதினார். 2007ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் தன் ஆய்வை வெளியிட்டது. நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், இரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்றது அந்த ஆய்வு. நல்ல உடல்நிலை உள்ளவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு இது நேரலாம். எண்ணிக்கை சிறியதுதான், பயந்து பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. விமானத்துக்கு மட்டும் இது உரியதும் அன்று. நீண்ட தூரம் பஸ்ஸிலோ ரயிலிலோ காரிலோ உட்கார்ந்து போனாலும் இதே கதைதான்.

நம் கெண்டைக்கால் சதை ஒரு பம்பு போன்றது. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகிறது. நாள்தோறும் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டும் தோட்டத் தொழிலாளிக்கு அந்தப் பம்பு ஓய்வதே இல்லை. அதே தொழிலாளி மகனைப் பார்க்க லண்டன் போகும்போது, பணிப்பெண் ஏதாவது சொல்வாளோ, பக்கத்து ஆள் முகம் சுளிப்பானோ என்று கூச்சப்பட்டு 13 மணி நேரமும் அசையாமல் இருந்துவிடுகிறார். கழிவறைக்குப் போக வேண்டி வருமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. இது வேண்டாத கூச்சம். எழுந்து நடப்பது பயணியின் உரிமை; பெரிய நிறுவனங்களே அதைச் செய்யச் சொல்கின்றன. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் குவாண்டாஸ் விமானம் ஒன்று 49 பேருடன் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு 19 மணி 16 நிமிடம் நிற்காமல் பறந்து சோதனை செய்தது. இரட்டைச் சூரியோதயத்தின் நினைவாக அத்திட்டத்துக்குச் 'சூரியோதயம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதில் பயணிகளை எழுப்பிவிட்டு, கையையும் காலையும் நீட்டி மடக்கி உடற்பயிற்சி செய்யவைத்தார்கள்.

ஆகவே, நேயர்களே, விமானம் ஏறும்போது சில காரியங்களை மனத்தில் வையுங்கள். வார் கட்டச் சொல்லும் விளக்கு அணைந்தபின், ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடையுங்கள். எழ முடியாதபோது, தையல் மெஷினை மிதிப்பதுபோல் பாதங்களை மேலும் கீழும் அசையுங்கள். காலை நீட்ட இடமில்லாதபடி மூட்டையை முன்னால் அடைத்து வைக்காதீர்கள். விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது. தாகம் தெரியாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். மது வேண்டாம். விமானம் இறங்கும்போது காது அடைத்தால் மிட்டாயைச் சப்பி எச்சிலை விழுங்குங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். கர்ப்பிணிகள், அண்மையில் பிள்ளை பெற்றவர்கள், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், முன்பு இரத்தம் உறைந்த நோய் கண்டவர்கள் ஆகியோர் பயணத்துக்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊர் சேர்ந்த பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் கண்டாலோ, பயணக் களைப்பு என்று படுத்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

படத்தைப் பாருங்கள், பாட்டைக் கேளுங்கள், சாப்பாட்டைச் சுவையுங்கள். கட்டணத்தில் அவை எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஆனால் ஒரு படம் முடிந்து அடுத்த படம் தொடங்குமுன் எழுந்து ஒரு நடை போய்வாருங்கள். வீட்டிலிருந்து முதன்முறையாக விமானம் ஏறப்போகும் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.