ஏழாம் நாள் யாருக்கு உரியது?

குறிஞ்சாக்கேணியிலும் அதனையடுத்த கிண்ணியாவிலும் வெள்ளிக்கிழமை நண்பகலில் பாங்கொலி எழுந்ததும் கடைகள் சாத்தப்படுகின்றன. திருகோணமலை நகரிலே ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலய மணி ஒலிக்கின்றது. பௌர்ணமிப் போயா தினத்தில் நாடு முழுவதும் அலுவலகங்கள் மூடிக் கிடக்கின்றன. இத்தனை புனித நாட்கள் உள்ள பிரதேசத்தில், அன்றாடக் கூலிக்கு மண் சுமப்பவனுக்கும், களை பிடுங்கும் பெண்ணுக்கும், பிறர் வலையை இழுப்பவனுக்கும் உரிய ஓய்வு நாள் எது? வேலையில்லாத நாள் அவர்களுக்கு உண்டு. ஓய்வு நாள் இல்லை. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை வரலாறு நமக்குத் தெளிவாகவே கூறுகின்றது.

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்னும் கருத்து உலகெங்கும் பரவக் காரணமாயிருந்தது விவிலியம். அக்கட்டளை அங்கே இரண்டு இடங்களில் வருகின்றது. இறைவன் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தான், ஆதலால் மனிதனும் ஓய வேண்டும் என்பது யாத்திராகமம் கூறும் காரணம். உபாகமமோ வேறொரு காரணம் காட்டுகின்றது: எகிப்திலே நீங்கள் அடிமைகளாயிருந்ததை மறவாதீர்கள் என்கின்றது. ஓய்வுக்கு உரியோரின் பட்டியலும் கவனத்துக்குரியது. வீட்டுத் தலைவன் மட்டுமல்ல, வேலைக்காரனும் வேலைக்காரியும், வந்தேறியான அந்நியனும், எருதும் கழுதையுங்கூட அதில் அடங்குவர். ஏழாம் ஆண்டில் நிலத்துக்கும் ஓய்வு கொடுத்து, அதில் தானாக விளைந்ததை வேலையாளும் கூலியாளும் அந்நியனும் உண்ணட்டும் என்கின்றது லேவியராகமம்.

அடிமை வாழ்வின் நினைவு இக்கட்டளையில் ஏன் இடம்பெற்றது என்பதை யாத்திராகமத்தின் ஐந்தாம் அதிகாரம் விளக்குகின்றது. வழிபாட்டுக்கென மூன்று நாள் விடுப்புக் கேட்டு மோசேயும் ஆரோனும் பார்வோன் முன் நிற்கின்றனர். மன்னனின் மறுமொழி யாது? இவர்கள் சோம்பேறிகள் என்கின்றான். செங்கல் அறுப்பதற்குக் கொடுத்துவந்த வைக்கோலை நிறுத்துகின்றான். கல்லின் கணக்கை மட்டும் குறைக்க மறுக்கின்றான். ஓய்வு கேட்பவனைச் சோம்பேறி என்று ஏசுவதும், கருவியைப் பறித்துவிட்டு விளைவை மாத்திரம் குறையாமற் கேட்பதும் அன்றே தொடங்கிவிட்டன. அந்தப் பார்வோனின் குரலைத் தோட்டங்களிலும் ஆலைகளிலும் நாம் பிற்காலத்திலும் கேட்டிருக்கிறோம்.

ஆயின், விவிலியம் சோம்பலைப் போற்றுகின்றது என்று எவரும் எண்ணிவிடலாகாது. ஆறு நாள் உழைக்க வேண்டும் என்பது அதே கட்டளையின் முற்பாதி. எறும்பைப் பார்த்து உழைப்பைக் கற்றுக்கொள்ளச் சொல்லுகின்றது நீதிமொழிகள். உழைக்க மறுப்பவன் உண்ணலாகாது என்னும் பவுலின் கருத்து 1936ஆம் ஆண்டின் சோவியத் அரசியலமைப்பிலும் இடம்பெற்றது. உழைப்பு மனிதனின் கடமை; அதுபோலவே அது அவனது உரிமையுமாகும். எவரும் கூலிக்கு அமர்த்தாமையால் மாலைவரை சந்தைவெளியில் நின்றவர்களுக்கும் முழுநாட் கூலி கொடுத்த திராட்சைத் தோட்டத்து உவமையை இயேசு சொன்னதும் இதனாலேயே போலும்.

வேதத்தில் எழுதப்பட்டிருந்தும் இவ்வுரிமை தானாக வந்து சேரவில்லை. ஞாயிறு தோறும் தேவாலயம் சென்ற ஆங்கிலேயர் ஆண்ட பம்பாயிலே ஆலைத் தொழிலாளருக்கு வார விடுமுறை இருக்கவில்லை. ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக இயக்கத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகாண்டே 1884இல் ஆலைத் தொழிலாளரைத் திரட்டி இக்கோரிக்கையை எழுப்பினார். 1890இலேயே ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினர். மறு ஆண்டு வந்த தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையை ஏற்றது. ஆள்வோரின் வேதம் தராத ஓய்வைத் தொழிலாளரின் ஒற்றுமை பெற்றுத் தந்தது.

இலங்கையின் கதை இன்னொரு பாடம். 1965இல் பதவிக்கு வந்த டட்லி சேனாநாயக்க அரசாங்கம் 1966 தொடக்கம் ஞாயிற்றுக்கிழமையை வேலை நாளாக்கி, நான்கு போயா தினங்களையும் வார விடுமுறைகளாக்கியது. சந்திரன் நமது நாட்காட்டிக்குக் கட்டுப்படுவதில்லை. ஆதலால் வாரம் ஒருகால் ஏழு நாளாகவும் ஒருகால் எட்டு நாளாகவும் அமைந்தது. வெளிநாட்டு வணிகத்தோடு இது பொருந்தவில்லை. 1971இல் ஞாயிறு விடுமுறை மீண்டது. பௌர்ணமிப் போயா பொது விடுமுறையாக நிலைத்தது. அந்நிய ஆட்சியின் நாளை அகற்றிச் சொந்தப் பண்பாட்டின் நாளை வைக்க விரும்பிய உணர்ச்சியை நாம் இகழவில்லை. ஆயினும் எந்த மதத்தின் நாள் என்ற வினா பேரொலியாய் எழுந்தபோது, யாருக்கு ஓய்வு என்ற வினா அமிழ்ந்து போயிற்று.

புரட்சிகளும் இத்தவற்றுக்கு விலக்கல்ல. பிரெஞ்சுப் புரட்சியாளர் 1793இல் பத்து நாள் வாரம் வகுத்தபோது, ஏழில் ஒன்றாயிருந்த ஓய்வு பத்தில் ஒன்றாகக் குறைந்தது. சோவியத் நாட்டில் 1929இல் பொது ஓய்வு நாள் நீக்கப்பட்டுத் தொழிலாளருக்கு வெவ்வேறு நாட்களில் ஓய்வு வழங்கப்பட்டது. கணவனுக்கு ஒரு நாளும் மனைவிக்கு வேறொரு நாளும் வாய்த்த குடும்பங்கள் உண்டு. 1940இல் ஞாயிறு அங்கும் திரும்பியது. இயந்திரம் ஓயாதிருப்பதற்காக மனிதனின் நாளைத் துண்டாடலாகாது என்பதை நண்பர்களின் வரலாற்றிலிருந்தும் நாம் கற்க வேண்டும். ஓய்வு நாள் மனிதனுக்காகவே உண்டாயிற்று என்று பரிசேயருக்கு இயேசு உரைத்ததன் உட்பொருளும் இதுவே.

1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணி வேலையும் ஊதியத்தோடு ஒன்றரை நாள் விடுமுறையும் என வகுத்தது. மாதச் சம்பளம் பெறும் ஆசிரியராகிய நாமும் ஓய்வு நாளின் ஊதியத்தை இழப்பதில்லை. அன்றாடக் கூலியாளனுக்கோ ஓய்ந்த நாள் அடுப்பெரியாத நாள். கூலியற்ற ஓய்வு பட்டினிக்கு இடப்பட்ட மறுபெயரே. ஆறு நாள் உழைப்பின் கூலி ஏழு நாள் உணவுக்குப் போதுமானதாகும் வரை, பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் கோயிலும் அறிவிக்கும் எந்தப் புனித நாளும் குறிஞ்சாக்கேணியின் கூலியாளனுக்கு முழுமையாக உரியதாகாது. அவனுக்கு அந்நாளைப் பெற்றுத்தரும் போராட்டத்தில் பங்குகொள்வதே ஓய்வு நாளை ஆசரிக்கும் நேரிய வழி என்று நாம் கருதுகிறோம்.