பஞ்சு, வினிகர், ஒரு நிமிஷம்: திண்டுக்கல் ஆய்வின் கதை

கருப்பை வாய்ப் புற்றுநோய் திடீர்னு வருகிற நோய் இல்லை. எச்.பி.வி. வைரஸ் தொற்று உடம்பில் நீடித்து, செல்கள் மெல்ல மாறி, புற்றாக ஆவதற்குப் பொதுவாகப் பத்து வருஷத்துக்கு மேல் பிடிக்கும். இவ்வளவு அவகாசம் தருகிற நோயில் ஏன் இத்தனை ஏழைப் பெண்கள் சாகிறார்கள்? இந்தக் கேள்வியோடுதான் திண்டுக்கல் ஆய்வைப் படிக்க ஆரம்பித்தேன்.

1940களில் ஜார்ஜ் பாப்பனிக்கோலாவ் பிரபலமாக்கிய பாப் ஸ்மியர் சோதனை, பணக்கார நாடுகளில் இந்தச் சாவுகளைப் பெருமளவு குறைத்தது. ஆனா அதுக்குப் பின்னால் ஒரு பெரிய ஏற்பாடு வேணும். ஸ்லைடு, சாயம், மைக்ராஸ்கோப், பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்ற ஆள். ரிசல்ட் வந்ததும் அந்தப் பெண்ணை மறுபடி வரவழைக்கணும். காட்டு வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு வருகையும் ஒருநாள் கூலி நஷ்டம்.

இதற்கு மாற்றாக வந்தது வி.ஐ.ஏ. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் தடவுவார்கள். ஒரு நிமிஷம் கழித்து வெறும் கண்ணால் பார்ப்பார்கள். மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். லேப் வேண்டாம், நர்ஸே செய்யலாம், முடிவும் அன்றைக்கே தெரியும்.

ஆனால் இது உயிரைக் காப்பாற்றுமா? அதைத்தான் 2000-ல் திண்டுக்கல் மாவட்டத்தில் சோதிக்க ஆரம்பித்தார்கள். ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கை மருத்துவ மையமும், உலக சுகாதார நிறுவனத்தின் லியோன் புற்றுநோய் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஆர். சங்கரநாராயணனும் இதில் முக்கியமானவர்கள். 114 பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட பாதியில் 30 முதல் 59 வயதுள்ள 49,311 பெண்கள். வந்தவர்கள் 31,343 பேர். மாற்றம் தெரிந்தவர்களில் பலருக்கு நர்ஸ்களே உறைய வைக்கும் சிகிச்சை கொடுத்தார்கள்.

2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஒரே ஒரு தடவை சோதனைக்கு அழைத்ததிலேயே நோய் 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன.

இங்கேதான் மனசு உறுத்துகிறது. ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட மறு பாதியில் 30,958 பெண்கள். அவர்களுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே, அதாவது ஸ்கிரீனிங் கிடையாது. அந்தப் பக்கம் 92 பேர் இந்நோயால் இறந்தார்கள். இந்தியாவில் நடந்த இதுபோன்ற ஆய்வுகளை அமெரிக்க மருத்துவர் எரிக் சுபா போன்றவர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். அந்த ஊர்களில் அதற்கு முன்பும் ஸ்கிரீனிங் இல்லையே, யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லையே என்பது ஆய்வாளர்கள் தரப்பு. எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இல்லாமையே ஒரு ஊரின் வழக்கம் ஆகிவிட்டால், அதையே அளவுகோலாக எடுத்துக்கொள்வது நியாயமா?

சரி, கிடைத்த அறிவு என்ன ஆச்சு? தமிழக அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டம் நடத்தி, பிறகு மாநிலம் முழுக்கத் திட்டத்தை விரித்தது. இருந்தும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30-49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். இந்தியா முழுவதும் 1.9 சதவீதம்.

அந்த 92 பேருக்கு நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. வீட்டில் முப்பது தாண்டிய பெண்கள் இருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனையைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.