ஆமை முட்டை ஜெயிச்சுக் கொடுத்த தீவு

"சார், ஸ்கூபா டைவிங் போறேன். ஃபிட்னஸ் சர்டிபிகேட் வேணும்"னு போன வாரம் ஓபியில ஒரு தம்பி வந்து நின்னார். எங்கேன்னு கேட்டேன். "மலேசியா, சிப்பாடான் தீவு." காது, நுரையீரல் பார்த்து, ஆஸ்துமா, வலிப்பு உண்டான்னு விசாரிச்சு கையெழுத்துப் போட்டேன். தீவோட கதையைச் சொல்ல நேரமில்லை, வெளியே பெரிய வரிசை. அதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

போர்னியோவின் சபா மாநிலத்துல, செம்பொர்னா ஊருக்குத் தெற்கே இருக்கு சிப்பாடான். அரை மணி நேரத்துல நடந்தே சுத்தி வந்துடலாம். ஆனா அது கடலடி எரிமலை ஒன்றின் உச்சி. கரையிலிருந்து சில அடி போனாலே கடல் சுவர் மாதிரி சுமார் 600 மீட்டர் இறங்குது. பேராமைகள் கூட்டம் கூட்டமா முட்டையிட வரும் இடம்.

இந்தச் சின்னத் தீவு யாருக்குன்னு மலேசியாவும் இந்தோனேசியாவும் 1969-லிருந்து மோதின. 1998-ல ரெண்டு பேரும் சேர்ந்தே ஹேக் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனாங்க. (சண்டைக்காரங்க சேர்ந்து கேஸ் போடுறது அபூர்வம்தான்.)

இந்தோனேசியா காட்டியது 1891-ல பிரிட்டனும் நெதர்லாந்தும் போட்ட எல்லை ஒப்பந்தம். அந்தக் கோடு செபாடிக் தீவின் கிழக்குக் கரையோட முடிஞ்சுடுது, கடலுக்குள்ள நீளலைன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. 1921-ல லின்க்ஸ் என்ற டச்சுக் கப்பல் அந்தப் பக்கம் வந்ததும் போதலை. மலேசியா சொன்ன பரம்பரை உரிமைக் கதையும் எடுபடலை.

அப்போ எது ஜெயிச்சது? ஆமை முட்டை!

பிரிட்டிஷ் வடக்கு போர்னியோ நிர்வாகம், முட்டை எடுக்க யாருக்கு அனுமதின்னு கட்டுப்படுத்தியிருக்கு. 1917-ல ஆமைப் பாதுகாப்புச் சட்டம். முட்டைத் தகராறுகளைத் தீர்த்து வச்ச பதிவுகள். 1933-ல சிப்பாடான் பறவைகள் சரணாலயம். 1962-ல அங்கே கலங்கரை விளக்கம், 1963-ல பக்கத்து லிகிடான் தீவிலும் ஒண்ணு. இதுக்கெல்லாம் டச்சுக்காரர்களோ இந்தோனேசியாவோ ஒரு எதிர்ப்புக் கடிதம்கூட போடலை. 2002 டிசம்பர் 17, 16-க்கு 1 என்ற கணக்குல ரெண்டு தீவும் மலேசியாவுக்கு.

என்னைக் கேட்டா, யாரோ ஒரு குமாஸ்தா சலிப்போட எழுதி வச்ச முட்டை லைசென்ஸ்தான் இங்கே ஹீரோ. டைவிங் ரிசார்ட் எல்லாம் 1980-களில் வந்தது. தகராறு தொடங்கின பிறகு செஞ்சதைக் காட்டி உரிமை கேட்க முடியாது.

நடுவுல ஒரு கொடுமை. 2000 ஏப்ரல் 23, ஈஸ்டர் ஞாயிறு. அபு சயாஃப் ஆயுதக் கும்பல் படகில வந்து 21 பேரைப் பிணைக்கைதிகளா பிலிப்பைன்ஸின் ஹோலோ தீவுக்குக் கொண்டு போனாங்க. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் 10 பேர். மிச்சம் 11 பேர் அங்கே வேலை பார்த்தவங்க. அந்தப் பதினோரு பேரைப் பத்தி அதிகம் பேசப்படலைங்கிறது எனக்கு வருத்தம்.

தீர்ப்புக்குப் பிறகு, 2004 முடிவுக்குள்ள தீவிலிருந்த ரிசார்ட்டுகளை அரசு காலி பண்ண வச்சது. ராத்திரி தங்கத் தடை. நாளுக்கு 120 பேர்னு வரம்பு வந்தது. பாதுகாப்புன்னு சொல்லிட்டே 2006 மே-யில கட்டுமானப் பொருள் ஏத்தி வந்த ஒரு படகு பவளப்பாறையை நசுக்கினதும் நடந்தது!

இனி டாக்டர் பேச்சு. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். சுவாசிக்கிற நைட்ரஜன் ரத்தத்திலும் திசுவிலும் கரையும். சட்டுனு மேலே வந்தா, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழி கிளம்பும். மூட்டு வலியில ஆரம்பிச்சு முதுகுத்தண்டு வரை அடிக்கும். நிறுத்தி நிறுத்தி ஏறணும்னு ஆடுகளை வச்சு சோதிச்சு 1908-ல அட்டவணை கொடுத்தவர் ஹால்டேன். சிப்பாடான்ல காலுக்குக் கீழே தரை கிடையாது. ஆழம் தெரியாமலே இறங்கிடுவீங்க, மீட்டரைப் பார்த்துட்டே இருங்க.

தம்பிகிட்ட கடைசியா ஒண்ணு கேட்டேன்: "ரிட்டர்ன் ஃபிளைட் எப்போ?" கடைசி டைவ் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே புக் பண்ணியிருந்தார். பல டைவ் பண்ணினா குறைஞ்சது 18 மணி நேரம் கழிச்சுத்தான் விமானம் ஏறணும். டிக்கெட்டை மாத்தச் சொல்லி அனுப்பினேன்.